தாம்பரத்தில் ஓர் இரவு

விடியற்காலை விமானத்தில் போகிறவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. "விமானம் 5-40 மணிக்கு. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மோட்டாரில் ஏறிப் படுத்தால் மூன்று மணிக்கு மீனம்பாக்கம். லாட்ஜுக்கு அழ வேண்டிய பணம் மிச்சம்" என்பதே அந்தக் கணக்கு. கேட்பதற்கு வெகு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் அடியேனும் சென்ற ஆண்டு இதே கணக்கைத்தான் போட்டேன். அதில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது.

அப்போது என் மைத்துனர் டில்லிக்குப் போக வேண்டியிருந்தது. கும்பகோணத்திலிருந்து வாடகை மோட்டாரில் நால்வர் புறப்பட்டோம். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சாலை அகன்று விரிந்தது. நாங்கள் நால்வரும் தூங்கிப் போனோம். திண்டிவனத்துக்கு அப்பால் ஓரிடத்தில் வண்டி தடதடவென்று குலுங்கிற்று. கண் விழித்துப் பார்த்தால், தார்ச் சாலையை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு மதகின் கைப்பிடிச் சுவருக்கு நாலு முழம் இப்பால் நின்றுகொண்டிருந்தது. டிரைவர், "மன்னிச்சுக்குங்க ஸார், கண் அசந்துட்டேன்" என்றார். அவர் கை நடுங்கிற்று. விசாரித்ததில், முந்திய இரவும் அவர் ஒரு கல்யாணக் கோஷ்டியைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போய்த் திரும்பியவர் என்று தெரிந்தது. அவர் தூங்கினாரா என்று ஏறும்போது நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. விமானத்துக்கு மணி பார்த்தோம், பெட்டிகளை எண்ணினோம், எங்கள் உயிரை யார் கையில் ஒப்புவித்தோமோ அவருடைய தூக்கத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

மனித சரீரத்துக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே அது தூக்கத்தை அதிகமாக வற்புறுத்துகிறது. சாலையில் தூக்க மயக்கத்தால் நேரும் விபத்துக்கள் அந்த வேளையில் மிகுதி என்பதை உலகெங்கும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். காப்பியும் பாட்டும் கொஞ்ச நேரம் தாங்கும்; தூக்கத்துக்கு மருந்து தூக்கமேதான். விடியற்காலை விமானத்தைப் பிடிக்க இரவெல்லாம் ஓட்டி வருகிறவர், அந்தப் பொல்லாத நாலு மணி நேரத்தில்தான் செங்கற்பட்டையும் பரனூரையும் கடக்கிறார்!

ஆகையால், இந்த மாதம் அக்காவின் மகள் முதல் உத்தியோகத்துக்காக டில்லிக்குப் பயணமானபோது, கணக்கை அடியிலிருந்து மேலாகப் போட்டேன். நேயர்களுக்கும் உபயோகப்படலாம்.

விமானம் 5-40-க்கு. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கௌண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி முன்னதாகவே அடைத்துவிடுகிறார்கள். இரண்டு மணி முன்னதாக வந்துவிடும்படி கம்பெனிகள் சொல்லுகின்றன; வெளிநாட்டுப் பயணமானால் மூன்று மணி. ஆக, 3-40-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து அங்கே சுமார் 10 கிலோமீட்டர். சாமான் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணி. 2-30-க்கு எழுந்திருக்க வேண்டும். ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டுமென்றால் இரவு 8-30-க்குள் விளக்கை அணைக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். சாப்பாட்டு வேளையைச் சேர்த்தால் ஆறேழு மணி ஆகும். ஞாயிறு மாலையிலும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஜனங்கள் திரும்பும் நாட்களிலும் பரனூர்ச் சுங்கச் சாவடியிலும் பெருங்களத்தூரிலும் வண்டிகள் எறும்பு போல் ஊரும்; அதற்கு வேறு ஒரு மணியோ இரண்டு மணியோ தள்ளி வைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கே நாங்கள் கிளம்பிவிட்டோம்.

தாம்பரத்தில் ஏன் தங்க வேண்டும், விமான நிலையத்தின் வாசலிலேயே தங்கலாகாதா என்று கேட்கலாம். பணம் தாராளமாக உள்ளவர்கள் அப்படியே செய்யலாம். தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் பெரிய ஊர் தாம்பரம். பட்டணத்து நெரிசலுக்குள் தலையை நுழைக்காமலே காரியம் முடிகிறது. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி குடி வந்தது. 2021-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. எல்லாத் தரத்திலும் லாட்ஜுகளும் சாப்பாட்டு ஹோட்டல்களும் இருக்கின்றன. குரோம்பேட்டை, பல்லாவரம் இன்னும் சமீபம்.

பல்லாவரம் என்றதும் ஒரு ரஸமான சங்கதி நினைவுக்கு வருகிறது. 1910-ஆம் வருஷம் சென்னையில் முதன்முதலாக ஆகாய விமானம் ஓட்டிப் பார்த்தவர் டி'ஏஞ்சலிஸ் என்பவர். பல்லாவரத்தில்தான் பரீட்சை செய்தார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்துவது! விமானத்துக்கும் விடுதிக்கும் இந்தப் பக்கத்தில் ஆதி முதலே உறவு இருந்திருக்கிறது.

மோட்டார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென் ஜில்லாக்களிலிருந்து வரும் பஸ்கள் பெரும்பாலும் வண்டலூருக்கு அருகே கிளாம்பாக்கத்தில், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் திறந்த நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. நடு இரவில் அங்கே இறங்கிக் குழந்தை குட்டிகளுடன் வாடகைக்குப் பேரம் பேசுவதைவிட, மாலையிலேயே வந்து தங்குவது நல்லது. காலை எட்டு மணிக்கு மேல் விமானமாயிருந்து, கையில் ஒரே பெட்டியானால், மின்சார ரயிலே போதும். தாம்பரத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், விமான நிலையத்துக்கு எதிரே சுரங்கப் பாதையோடு இருக்கிறது. மெட்ரோவை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது, தாம்பரம் வரை வரவில்லை.

லாட்ஜில் இடம் பிடிக்குமுன் டெலிபோனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. இரவு மூன்று மணிக்கு வாசற்கதவைத் திறந்துவிட ஆள் உண்டா? பணத்தை முதல் நாளே வாங்கிக்கொள்வார்களா? வண்டி நிறுத்த உள்ளே இடம் இருக்கிறதா? கிழக்குத் தாம்பரமா, மேற்குத் தாம்பரமா? ரயில் பாதை ஊரை இரண்டாக வகிர்ந்திருப்பதால், பக்கம் தப்பினால் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதிகளைத் தவிர்ப்பது உசிதம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது அப்பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர்ப் புயலின்போதும் மூட நேர்ந்தது. மழைக் காலமானால் கிளம்புமுன் விமானம் புறப்படுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் விசாரித்துத் தெரிந்துகொண்ட நான், முக்கியமான கேள்வியை மறுபடியும் மறந்தேன்.

மாலை நாலரை மணிக்கு லாட்ஜை அடைந்தோம். குமாஸ்தா, "எத்தனை பேர் ஸார்?" என்றார்.

"நாலு பேர்" என்றேன்.

"ஐந்து பேர்" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரைக் கண்ணால் காட்டினாள். குமாஸ்தா, "டிரைவருங்களுக்குத் தனியா ரூம் கிடையாதுங்க. எல்லாரும் வண்டியிலேதான் படுத்துக்குவாங்க" என்றார். எல்லாரும் செய்வதுதான். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம். இறக்கினால் தாம்பரத்துக் கொசு. அந்தப் படுக்கையில் இரவைக் கழித்தவர்தான் மறுநாள் நம்மைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும்.

மாடிப்படிக்கு அருகே சிறிய அறை ஒன்று காலியாக இருந்தது. எழுநூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். டிரைவரோ கூச்சப்பட்டு, "எனக்கு எதுக்கு ஸார்? சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்குவேன்" என்றார். அக்கா சொன்னாள்: "நாளைக்கு எங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நீதானே அப்பா? போய்ப் படு." அதன் பிறகு அவர் மறுக்கவில்லை.

அவரை இரவு இரண்டரை மணிக்கு எழுப்புவதும் நியாயமன்று என்று தோன்றிற்று. விமான நிலையத்துக்கு உள்ளூர் டாக்ஸி ஒன்றை முன்னிரவிலேயே ஏற்பாடு செய்துகொண்டேன். உள்நாட்டு விமானங்கள் அங்கே இரண்டு கட்டடங்களிலிருந்து புறப்படுகின்றன; எந்தக் கட்டடம் என்று டிக்கட்டைப் பார்த்து டாக்ஸிக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரவு ஏழு மணிக்கு இட்டிலி வாங்கி வந்து அறையிலேயே சாப்பிட்டோம். அக்கா மகளைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துத் தலை வாரிப் பின்னினாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தலை பின்னத் தெரியாதா? இருந்தாலும் அவள் பேசாமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டில்லிக் குளிர், ஹாஸ்டல் சாப்பாடு, மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்றெல்லாம் தாயும் மகளும் வெகு நேரம் பேசினார்கள். 8-30-க்கு விளக்கை அணைக்க வேண்டும் என்ற என் கணக்கு ஒன்பதே காலுக்குத்தான் நிறைவேறியது. நான் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் விமான நிலைய வாசலில் காவலர் டிக்கட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து, பெண்ணை மாத்திரம் உள்ளே விட்டார். டிக்கட் இல்லாதவர்கள் வெளியிலேயே நின்றுவிட வேண்டும். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. பக்கத்தில் இன்னொரு குடும்பம் அப்போதுதான் தூசி படிந்த வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தது. மகனுக்கு விடை கொடுக்கக்கூட அவகாசமின்றித் தகப்பனார் அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவர்களுடைய டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் லாட்ஜுக்குத் திரும்பி, இன்னும் கொஞ்சம் தூங்கி, எட்டு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் குளித்து, திருநீறு இட்டு, வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். வழியெல்லாம் நான் விழித்தபடியே வந்தேன்.