நீங்க எந்த கம்யூனிட்டி?

அமெரிக்கப் புறநகரில் இந்தக் கேள்விக்கு இரண்டு பொருள் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகருக்கு வடக்கே இருக்கும் பிரிஸ்கோ, பிளேனோ போன்ற ஊர்களில், பூங்காவும் நீச்சல் குளமும் வைத்து வரிசையாகக் கட்டிய வீடுகளின் தொகுதியை 'கம்யூனிட்டி' என்பார்கள். நாங்கள் வந்த புதிதில், பூங்காவில் ஊஞ்சல் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது இல்லைங்க, ஊர்ல?" என்றார்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கம்யூனிட்டி சர்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி புரியாமல் இல்லை. ஆனால் வாயில் வந்தது, "மதுரைப் பக்கம்" என்பது மட்டும்தான். அடுத்து "வெஜ்ஜா?" என்றார். அதற்கடுத்து "உங்க குலதெய்வம் எந்தக் கோயில்?" என்றார். மூன்று கேள்விகள் போதும். சாதிப் பெயரை யாரும் உச்சரிக்கவே வேண்டியதில்லை.

இதை என் சொந்த வருத்தமாகச் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் சாதி பற்றிப் பேசும்போது நம் இயக்கத் தோழர்கள் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எச்-1பி விசாவில் வருகிறவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதில் வேலை பார்க்க முடியாது. 2015இல் வந்த விதிப்படி, கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, அவருடைய விசா ஆறு ஆண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ மனைவி வேலை அனுமதி கேட்கலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். பொறியியல் படித்து, சென்னையில் நான்கு ஆண்டு சம்பளம் வாங்கியவள் நான். இங்கே தாள்களில் என் பெயருக்கு எதிரே இருப்பது 'டிபெண்டன்ட்'. கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பால் வாங்கக்கூட வெளியே போக முடியாத ஊர் இது.

இப்படி இருப்பவளுக்குப் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெண்கள் வெறும் பேச்சுத் துணை அல்ல. பிரசவ வலி வந்தால் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பதும், நல்ல குழந்தை மருத்துவர் யார் என்று சொல்வதும் அவர்கள்தான். அம்மா, அத்தை, அக்கா எல்லாரும் இருந்து செய்ய வேண்டியதை ஒரு வாட்ஸ்அப் குழு செய்கிறது. அந்தக் குழுவில் இருந்து மெல்ல ஒதுக்கப்படுவது என்றால், நம் ஊரில் பொதுக்கிணற்றில் இருந்து ஒதுக்கப்படுவது போலத்தான்.

ஒதுக்குவதும் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. யாரும் திட்டுவதில்லை. நவராத்திரிக்குக் கொலு பார்க்க எல்லாரையும் கூப்பிட்டிருப்பார்கள். நமக்கு அழைப்பு வந்திருக்காது. பாட்லக் விருந்தில் நாம் கொண்டுபோன பாத்திரம் மட்டும் மூடி திறக்கப்படாமல் திரும்பி வரும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருவதாகச் சொன்னவர்களுக்கு அன்றைக்குப் பார்த்து வேறு வேலை வந்துவிடும். இதை எங்கே போய்ப் புகார் செய்வது? அலுவலகத்தில் மனிதவளத் துறை இருக்கிறது. ஊஞ்சல் பக்கத்தில் எந்தத் துறையும் இல்லை.

அதனால் மறைக்கிறோம். மறைப்பதும் ஒரு வேலை. அதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். யாராவது வருகிறார்கள் என்றால் சுவரில் இருக்கும் பாபாசாகேப் படத்தை உள் அறைக்கு மாற்ற வேண்டும். கருவாடு வறுத்த நாளில் சன்னல்களைத் திறந்து போட வேண்டும். "சும்மா எதையாவது சொல்லி சமாளிச்சுக்கோ" என்று கணவர் சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் குழுவின் மேலாளரும் ஊர்க்காரர். வேலை போனால் புது வேலையோ வேறு விசாவோ தேட 60 நாள்தான் அவகாசம். அவருடைய விசா போனால் என் விசாவும் போகும். ஆக, அவருடைய வேலைக்குக் காவலாக நான் என் வாயை மூடிக்கொள்கிறேன்.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அந்த அகமணத்தைக் காக்க வந்த வழிகள் என்று விளக்கினார். அதாவது சாதி பெண்ணைக் கட்டுப்படுத்தித்தான் நிற்கிறது. நூறு ஆண்டு கழித்து அதே அமெரிக்காவில், அந்தக் காவல் வேலையைப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை யாரோடு விளையாடலாம், யார் வீட்டில் சாப்பிடலாம் என்று முடிவு செய்பவர் அம்மா. நாளைக்கு யாரைக் கட்டலாம் என்பதன் முதல் பாடம் அங்கேதான் நடக்கிறது. என்னிடம் குலதெய்வம் கேட்ட அந்தப் பெண்ணும் எச்-4தான். அவருக்கும் சம்பளமில்லை, சொந்தமாகக் காரில்லை. அவரிடம் மிச்சம் இருக்கும் ஒரே மரியாதை சாதி. அதை அவர் விடமாட்டார். இதைப் புரிந்துகொள்கிறேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

2020இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்பி 403 மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் ரத்து செய்தார். இந்தப் போராட்டங்கள் தேவை. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் கல்விக்கும் சட்டம் வேண்டும். ஆனால் எந்தச் சட்டமும் பாட்லக் மேசைக்கு வராது. அங்கே இயக்கம்தான் வர வேண்டும்.

தோழர்களிடம் கேட்பது இதைத்தான். ஏப்ரல் 14 அன்று ஜூம் கூட்டத்தில் நீங்கள் பேசும்போது, பக்கத்து அறையில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவிக்கு அந்த வாரம் யார் போன் செய்தார்கள் என்று கேளுங்கள். கூட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பிரசவம் பார்க்க, பிள்ளை பார்க்க, காரில் கூட்டிப்போக நமக்குள் ஒரு வட்டம் வேண்டும். ஒதுக்கினால் போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒரு பெண் மறைக்காமல் பேச முடியும். நாங்கள் நான்கு குடும்பம் இப்போது அப்படி இருக்கிறோம். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் தெரியாது. நால்வரும் "மதுரைப் பக்கம்" என்பது போல எதையாவது சொல்லித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் மகளின் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். "தாத்தா என்ன வேலை பாத்தாரும்மா?" என்று கேட்டாள். முன்பென்றால் "விவசாயம்" என்று முடித்திருப்பேன். இந்த முறை, தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தார், அவருக்கென்று நிலம் இருக்கவில்லை, ஏன் இருக்கவில்லை என்று சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. அவள் கேட்டதையெல்லாம் நான் மறைக்காமல் சொன்னேன். உள் அறையில் இருந்த படம் இப்போது கூடத்தில் இருக்கிறது.