நிறம் ஏற்றும் கிரீமும் நெருங்கும் கல்யாணமும்

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் நம் மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் ஓய்வில்லை. மண்டபம், சாப்பாடு, நாதஸ்வரம், படப்பிடிப்பு, ஒப்பனை என்று பெரும்பாலானவை பல மாதங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். ஆனால், நாள் நெருங்கும்போது இன்னோர் ஏற்பாடும் பல வீடுகளில் சத்தமில்லாமல் தொடங்குகிறது. 'பொண்ணு நிறம் கொஞ்சம் ஏறணும்' என்பதுதான் அது.

பெரியம்மா ஒரு கிரீம் சொல்வார், அலுவலகத் தோழி ஒன்று சொல்வார், டிக்டாக் நேரலையில் ஒன்று விற்கும். பகல் கிரீம், இரவு கிரீம், சோப்பு என்று சேர்த்துக் கட்டிய பொட்டலம். ஏழே நாளில் பளபளப்பு, பதினான்கு நாளில் வெள்ளை என்ற வாக்குறுதி. திருமணத் தேதி குறித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் வேறு கிடையாது. கவலைக்குரிய விஷயம் என்னவென்றால், அவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன.

சுகாதார அமைச்சின் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏ, ஆபத்தான அழகுசாதனப் பொருட்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அவற்றின் அறிவிக்கையை ரத்து செய்து வருகிறது. அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், பீட்டாமெத்தசோன். பின்னவை மூன்றும் மருந்துகள். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, கண்காணிப்பில் தர வேண்டியவை. கண்காணிப்பில்லாமல் பூசினால் தோல் சிவக்கும், உரியும், வெயில் தாங்காது. ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோன் தோலை மெலிய வைக்கும்.

பாதரசத்துக்கு அந்த நியாயமும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. திருமணமான சில மாதங்களிலேயே 'விசேஷம் உண்டா' என்று கேட்கத் தொடங்கும் சமூகம் நாம். அந்தப் பெண்ணின் முகத்தில் மாதக்கணக்கில் பூசப்பட்டது என்ன என்பதையும் கொஞ்சம் கேட்கலாம்.

கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கணக்கெடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. அங்குள்ள தோலும் நம் தோலும் வேறல்ல, ஆசையும் வேறல்ல.

'கேகேஎம் அனுமதி உண்டு' என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்குவோர் பலர். இங்கேதான் பெரிய குழப்பம். மலேசியாவில் அழகுசாதனப் பொருட்கள் 2008 முதல் அறிவிக்கை முறையில் சந்தைக்கு வருகின்றன. நிறுவனம் தன் பொருளைப் பற்றிய விவரங்களை என்பிஆர்ஏ-யிடம் தெரிவிக்கிறது, ஓர் எண் கிடைக்கிறது. டப்பாவைச் சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் எண் அல்ல அது. சந்தைக்கு வந்த பிறகுதான் மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. விஷப்பொருள் கண்டறியப்பட்டால் அறிவிக்கை ரத்தாகும். அதற்குள் எத்தனை கல்யாணம் முடிந்திருக்கும் என்பது வேறு கதை. ஆகவே எண் இல்லாத பொருளைத் தொடவே வேண்டாம். எண் இருந்தாலும், அது இன்னும் நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்று என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

சட்டம் மென்மையானதல்ல. 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் இன்று விற்பவருக்குக் கடையே இல்லை. ஒரு கணக்கை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் அதே டப்பா வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் உறவுக்காரர் மூலம் கைமாறும் டப்பாவை எந்த அதிகாரி போய்ப் பிடிப்பது? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஓர் அடையாளத்தை உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. தங்கம், வெள்ளி, நகை ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற குறிப்பு டப்பாவில் இருந்தால், உள்ளே பாதரசம் இருக்கலாம். தாலி ஏறப்போகும் கழுத்தில் பூசும் பொருளுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. எழுத்தே இல்லாத டப்பா, அல்லது நமக்குத் தெரியாத மொழியில் மட்டும் எழுதிய டப்பா என்றாலும் விலகிவிடுவது நல்லது.

மருதாணிக்கும் ஒரு வார்த்தை. இலையை அரைத்த மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கை கொப்பளித்தால் தழும்பு நிற்கும்.

குற்றத்தை மணப்பெண் மீது மட்டும் போடுவது எளிது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. அதே ஆண்டு ஷாதி டாட் காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. நிறுவனங்கள் சொல்லை மாற்றின, நாம் பார்வையை மாற்றவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து 'மாநிறம்தான், ஆனால் களையான முகம்' என்கிறோம். அந்த 'ஆனால்' எதற்கு?

தமிழ் படித்தவர்களுக்கு இது கூடுதலாக உறுத்தும். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். அவள் அஞ்சுவது பசலையை, அதாவது பிரிவால் மேனி நிறம் மாறி வெளிறுவதை. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் அழுவதும் அந்த மாமை வீணாகப் போகிறதே என்றுதான். அன்று நோயாகக் கருதிய வெளிறலை இன்று நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைச் சொன்னால் மாமியார் வீட்டில் எடுபடாது என்பது வேறு விஷயம்.

திருமண நாளின் ஒப்பனையிலும் இதே கதைதான் வேறு உருவில் வருகிறது. தோலைவிட இரண்டு மூன்று படி வெளிறிய ஃபவுண்டேஷன் போட்டால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கன்னிகாதானத்தில் நீட்டும் கை இன்னொரு நிறம் என்று ஆகிவிடும். கேமரா ஃபிளாஷ் அடிக்கும்போது சில பவுடர்கள் முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டும். ஆல்பத்தில் அது காலத்துக்கும் இருக்கும். ஃபென்டி பியூட்டி 2017இல் 40 நிறங்களில் ஃபவுண்டேஷனைக் கொண்டு வந்த பிறகு, கருமையான தோலுக்குப் பொருந்தும் பூச்சு கிடைக்கவில்லை என்று சொல்வதும் கடினமாகிவிட்டது. முன்னோட்ட ஒப்பனைக்குப் போகும்போது தாடையோரத்தில் பூசச் சொல்லி, வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 'என் நிறத்திலேயே போடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெண்ணுக்கு வெளுப்புதான் வேண்டும் என்று கலைஞரே முடிவு செய்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

தோல் உரிந்துகொண்டிருந்தால் எவ்வளவு நல்ல ஃபவுண்டேஷனும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். முகூர்த்தத்துக்காக விடியற்காலை மூன்று மணிக்கு வந்து நிற்கும் கலைஞரால் அப்போது செய்யக்கூடியது அதிகமில்லை. புதிய கிரீம், புதிய ஃபேஷியல் எதையும் கடைசி வாரங்களில் தொடங்காமல் இருப்பதே முகத்துக்குப் பாதுகாப்பு.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கிரீமை நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். எவ்வளவு காலம் பூசினீர்கள் என்பதைச் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலும் கண்ணிமையும் வீங்கினாலோ கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒரே துண்டு, ஒரே தலையணை வழியாக வீட்டிலுள்ள மற்றவர் மீதும் பாதரசம் படலாம் என்பதால், கூடப் படுக்கும் தங்கை, மடியில் தூங்கும் அக்காள் பிள்ளை பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.