பாயை விரித்தால் தீருமா?

"மெத்தையைத் தூக்கிப் போட்டுப் பாயை விரியுங்கள், காலை முதுகுவலி பறந்துவிடும்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டியான படுக்கையே முதுகுக்கு நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கைதான். ஆனால் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஆய்வாளர் கோவாக்ஸின் குழு நடத்தி, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு சொல்வது வேறு. கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது.

படுக்கை மட்டுமே காரணமும் அல்ல. இரவில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. ஓரிரு சென்டிமீட்டர் உயரம் கூடித்தான் காலையில் எழுகிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டுக்கு அழுத்தம் மிகுதி. எழுந்தவுடன் குடம் தூக்குவதை, குனிந்து வாசல் பெருக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது பயன் தரும். ஒருக்களித்துக் கையூன்றி எழுவதும் உதவும்.

என் பெரிய கவலை இது. நாற்பது வயதுக்குள் தொடங்கி, மாதக்கணக்கில் நீடித்து, காலையில் அரைமணிக்கு மேல் விறைத்து, ஓய்வில் தணியாமல் நடந்தால் குறையும் வலி, முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். அப்படிப்பட்ட இளைஞருக்குப் பாய் வைத்தியம் சொல்வது ஆபத்து. அவர் மூட்டுவாத மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.