ஷிப்ட் என்று ஏன் பெயர்?



கம்ப்யூட்டரில் ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டுமானால் எந்த விசையை அழுத்துவீர்கள்? 'ஷிப்ட்'தானே! ஷிப்ட் என்றால் இடம் மாற்றுவது. ஆனால், நீங்கள் அழுத்தும்போது எதுவும் இடம் மாறுவதில்லையே. பிறகு ஏன் அந்தப் பெயர்?

விடை, பழைய தட்டச்சு இயந்திரத்தில் இருக்கிறது. கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் உருவாக்கிய இயந்திரத்தை, ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் உண்டு. 1878-இல் வந்த அடுத்த மாடலில், ஒரே கம்பியின் முனையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் வைத்தார்கள். ஷிப்ட் விசையை அழுத்தினால், காகிதம் சுற்றிய உருளை நிஜமாகவே கொஞ்சம் நகரும்; பெரிய எழுத்து பதியும். இன்று உருளை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது!

சரி, எழுத்துகள் ஏன் ஏ, பி, சி வரிசையில் இல்லை? நடு வரிசையை உற்றுப் பாருங்கள். டி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, எல்... இ, ஐ இரண்டும் மட்டும் மேலே போய்விட்டன. முதலில் இருந்த அகர வரிசையின் மிச்சம் இது.

மற்றவற்றை ஏன் கலைத்தார்கள்? 'வேகமாக அடித்தால் கம்பிகள் சிக்கும். அதனால் வேகத்தைக் குறைக்கவே இப்படிச் செய்தார்கள்' என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பார்க்காமல் பத்து விரல்களாலும் அடிக்கும் பழக்கமே அப்போது பரவவில்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் இ, ஆர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தந்திச் செய்திகளை எழுதி எடுத்தவர்களின் வசதிக்காகவே எழுத்துகள் இடம் மாறின என்று, 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆகவே குட்டீஸ், எதையும் 'அது அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். 'ஏன்?' என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் திருப்தியடைந்து விடாமல், 'அது எப்படித் தெரியும்?' என்றும் கேளுங்கள். முதல் கேள்வி கதையைத் தரும். இரண்டாவது கேள்விதான் உண்மையிடம் அழைத்துப் போகும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை: 'என்டர்' விசையில் வளைந்த அம்புக்குறி எதற்கு? டைப்ரைட்டிங் படித்த தாத்தாவோ, அத்தையோ இருந்தால் கேட்டுப் பாருங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்