எந்தக் கேள்விக்கு எந்தச் சுண்டெலி?

1984இல் ஹார்வர்டில் ஃபிலிப் லெடரின் குழு, ‘மிக்’ என்னும் புற்றுமரபணுவை எலியின் பால்சுரப்பிப் புற்று வைரஸிலிருந்து எடுத்த இயக்குபகுதியோடு இணைத்துச் சுண்டெலிக் கருவுக்குள் செலுத்தியது. அந்த இயக்குபகுதி ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே சேர்த்த மரபணு பால்சுரப்பியில் ஓங்கி இயங்கியது. ஈன்ற எலிகளுக்குக் கட்டி வந்தது. ஆனால் சுரப்பி முழுக்க ‘மிக்’ இருந்தும் ஓரிரு இடங்களில்தான் கட்டி முளைத்தது. 1987இல் அதே குழு ‘மிக்’கோடு ‘ராஸ்’ மரபணுவையும் சேர்த்தது. ‘மிக்’ மட்டும் இருந்த எலிகளில் பாதிக்குக் கட்டி வர ஏறக்குறைய 325 நாள், ‘ராஸ்’ மட்டும் இருந்தவற்றுக்கு 168 நாள் ஆயின. இரண்டும் சேர்ந்தபோது 46 நாளே போதுமானதாக இருந்தது. அப்போதும் சுரப்பி முழுவதும் புற்றாகிவிடவில்லை. புற்று படிப்படியாக உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அந்தப் படிகளைக் கண்ணால் காணத் தந்தது 1992இல் வந்த பாலியோமா மாதிரி, அதாவது பாலியோமா வைரஸின் புற்றுமரபணுவைச் சேர்த்த எலி. எலியின் நான்காம் பால்சுரப்பியைப் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் விரித்து, கொழுப்பை நீக்கி, கார்மைன் சாயமேற்றினால், இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப் போல் நாளங்கள் தெரியும். நடுவிலுள்ள நிணநீர்க்கணுதான் பார்ப்பவருக்கு அடையாளக்கல். வாரங்கள் செல்லச் செல்ல நாளமுனைகள் பருத்து, திரண்டு, கட்டியாகி, பின்னர் நுரையீரலுக்குப் பரவுகின்றன. நோயாளி ஒருவரிடம் இந்த வரிசையைத் தொடக்கம் முதல் பின்தொடர வழியே இல்லை.

பிஆர்சிஏ1 மரபணுவின் கதை வேறு. இரு பிரதிகளும் அழிந்தால் எலிக்கரு பிழைப்பதில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானால் பெண்களுக்குப் புற்று அபாயம் பெரிதும் கூடுகிறது. எலிக்கோ எதுவும் நேர்வதில்லை. எனவே 1999இல் சூ-ஷியா டெங்கின் குழு, தேர்ந்த திசுவில் மட்டும் மரபணுவை வெட்டி எடுக்கும் கிரீ-லாக்ஸ் முறையால் பால்சுரப்பியில் மட்டும் அதை நீக்கியது. கட்டிகள் தாமதமாகவே வந்தன. புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவும் குறைந்தபோது விரைந்தன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இத்தகைய கட்டிகளுக்கு ஒலாபரிப் என்னும் புற்றுமருந்தைக் கொடுத்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். கட்டிகள் சுருங்கின. ஆனால் நாளடைவில் மருந்தை வெளியே தள்ளும் புரதப் பம்புகள் பெருகி, மருந்து பலிக்காமல் போனது. மருந்து ஏன் பலிக்காமல் போகிறது என்று மருத்துவமனையில் பின்னர் எழுந்த கேள்வியை எலி முன்பே எழுப்பிவிட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையது. எலி மாதிரிகளில் பெரும்பாலானவை ஏற்பி அற்றவை. மனிதரில் எலும்புக்கு அதிகம் பரவும் நோய், எலியில் பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடுகிறது. எலியின் சுரப்பியைச் சூழ்ந்திருப்பது கொழுப்பு. பெண்ணின் மார்பகத்திலோ நார்த்திசு மிகுதி. எலியின் கால்வழியும் விளைவை மாற்றும்: அதே பாலியோமா மரபணு எஃப்விபி எலியில் விரைவாகவும், சி57 பிளாக் 6 எலியில் மெதுவாகவும் கட்டியை உண்டாக்குகிறது.

ஆகவே கேள்வியை முதலில் வகுத்து, அதற்கேற்ற எலியைப் பிறகு தேர்வதே முறை. கால்வழி, வயது, ஈன்ற எண்ணிக்கை, ஆராய்ந்த சுரப்பி எது என்பன இல்லாத முடிவை இன்னோர் ஆய்வகம் சரிபார்க்க இயலாது. ஆய்வாளர்கள் இந்த நான்கையும் கட்டுரையின் முறைப்பகுதியிலேயே எழுதித் தர வேண்டும்.