துணை யாருக்கு?

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மேற்கு மாரெட்பள்ளியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வரவேற்பறை மேசைமீது ஒரு கண்ணாடிக் குடுவை. அதனுள் ஒற்றை நீல மீன். பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்த பரிசு. மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம். ஒரு வாரம் கழிந்ததும் வீட்டின் மூத்தவர் சொல்கிறார்: "பாவம், ஒத்தையா சுத்திச் சுத்தி வருது. அதுக்கு ஒரு துணை வேண்டாமா?" மறுநாள் குடுவையின் இடத்தில் ஒரு சிறு தொட்டி, உடன் நான்கு கப்பி மீன்கள். கடைக்காரர் தெலுங்கில் உறுதியளித்திருக்கிறார்: "கலிசி உண்ட்டாயி." சேர்ந்து இருக்கும் என்பது பொருள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கப்பிகள் வாலின்றி மிதக்கின்றன. நீல மீனின் துடுப்பும் கிழிந்திருக்கிறது. அழும் குழந்தையிடம் தந்தை சொல்கிறார்: "அது ஃபைட்டர்தானேம்மா. அதோட குணம் அப்படி."

இதில் எந்தப் பகுதியும் கற்பனை செய்யக் கடினமானதன்று. மீன் வளர்க்கும் வீடுகளில் ஏதேனும் ஒரு வடிவில் இது நிகழ்ந்துகொண்டேயிருக்கிறது. கப்பிகளின் சாவைவிட அந்த இறுதி வாக்கியமே இங்கு ஆராயத் தக்கது. தேர்ந்தெடுத்தவர், விற்றவர், தொட்டியின் அளவு, நீரின் வெப்பம் ஆகிய அனைத்தையும் விடுவித்துவிட்டு, பழி முழுவதையும் ஒரு பெயரின்மீது அவ்வாக்கியம் ஏற்றிவிடுகிறது.

அப்பெயரின் வரலாறு சற்று விரிவாகவே பார்க்கத் தக்கது. தாய்லாந்து மொழியில் இம்மீன் 'பிளா கட்'. 'கடிக்கும் மீன்' என்று பொருள். சயாம் மன்னர் வழியாகக் கிடைத்த மீன்களைக் கொண்டு தியோடர் கேன்டர் 1849இல் இதனை விவரித்தபோது, 'சண்டைக்காரன்' எனப் பொருள்படும் 'பக்னாக்ஸ்' என்னும் லத்தீன் அடைமொழியைச் சூட்டினார். அந்தப் பெயர் வேறோர் இனத்துக்கு முன்பே உரியது என்று கண்ட டேட் ரீகன், 1910இல் இதற்கு 'ஸ்ப்ளென்டென்ஸ்' என்று புதுப்பெயர் இட்டார். 'ஒளிர்வது' என்பது அதன் பொருள். 'பெட்டா' என்னும் பேரினப் பெயரோ, பீட்டர் ப்ளீக்கர் 1850இல் சாவகத்து உள்ளூர் வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆக, கடிப்பது, சண்டையிடுவது, ஒளிர்வது என ஒரே உயிருக்கு மூன்று அடையாளங்கள் கிடைத்தன. இந்திய மீன் கடைகளில் நிலைத்தது 'ஃபைட்டர்' மட்டுமே. விற்பனைக்கு உகந்த பெயரும் அதுவே.

இம்மீனின் உறவினரைத் தமிழ் வேறு விதமாகப் பெயரிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். காற்றைச் சுவாசிக்க உதவும் சிக்கலறை உறுப்பு பெட்டாவுக்கும் உண்டு. நம் குளங்களில் வாழும் பனையேறிக்கும் உண்டு. பனையேறி பனை ஏறியதைத் தரங்கம்பாடியில் 1791இல் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர் எழுதிய குறிப்பு ஐரோப்பாவில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. உண்மையில் அது மரமேறுகிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஈர நிலத்தில் நீரைவிட்டு நகரும் அதன் திறனைக் கண்டு வியந்தே அப்பெயர் பிறந்திருக்க வேண்டும். அதில் பழிச்சொல் எதுவும் இல்லை. இதே சுற்றத்தைச் சேர்ந்த மற்றொரு சிறு மீனின் அறிவியல் பெயரில் புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆறே ஒளிந்திருக்கிறது. க்யூவியே 1831இல் சூட்டிய 'கூபானஸ்' என்பது 'அரியான்-கூபாங்' என்னும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் எச்சம்.

இனி 'குணம்' என்பதற்கு வரலாம். பெட்டாவின் ஆண் தன் எல்லையைக் காப்பது உண்மை. நீரின் மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் வைத்துக் காவல் இருப்பது ஆண்தான். முட்டையிட்ட பெண்ணையும் அது விரட்டிவிடும். மனிதர் அதனைச் சண்டைக்கெனப் பொறுக்கி வளர்த்ததும் உண்மை. இம்மீன் குறைந்தது 1,000 ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்புயிர் ஆகிவிட்டது என்று 2022இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஆயினும் நெல்வயலிலும் சதுப்பிலும் இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால், செவுள் மூடியை விரித்து மிரட்டுவதோடு பெரும்பாலும் விவகாரம் முடியும். தோற்றது விலகிப்போகும். அதற்குப் போக இடம் இருக்கிறது. 20 லிட்டர் தொட்டியில் தோற்ற மீன் எங்கே போகும்? நான்கு பக்கமும் கண்ணாடி. எனவே, காட்டில் சில நிமிடங்களில் முடியும் மோதல் தொட்டியில் நாள்கணக்கில் நீள்கிறது. இதை 'குணம்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது, பூட்டிய அறைக்குள் நடந்ததைச் சொல்லும்போது பூட்டை மட்டும் மறைத்துவிடுவதாகும்.

கடைக்காரரின் வாக்கியத்துக்கும் ஓர் இலக்கண விளக்கம் தேவைப்படுகிறது. தெலுங்கின் 'கலிசி' தமிழின் 'கலந்து' என்பதற்கு உறவுச்சொல். இரு மொழிகளிலும் இவ்வினைகள் ஒரு நிரப்பியை எதிர்பார்ப்பவை: எதனோடு கலந்து? தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமையை 'ஒடு' என்றே பெயரிட்டு அழைக்கிறது. சேர்க்கை என்பது ஒரு பொருளிடம் தங்கும் பண்பன்று. இரண்டு பொருள்களுக்கு இடையே நிகழ்வது. மீன் வணிகமோ அந்த 'ஒடு'வை உதிர்த்துவிட்டது. 'கம்யூனிட்டி மீன்' என்றொரு வகை. 'அக்ரெசிவ் மீன்' என்றொரு வகை. கப்பி முதல் வகை. ஆகவே எங்கும் சேரும் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் ஆண் கப்பியின் விரிந்த வண்ண வாலைப் பெட்டா மற்றொரு பெட்டாவின் துடுப்பாகவே காண வாய்ப்புண்டு. அங்கே கப்பியின் சாதுத்தன்மையால் ஒரு பயனும் இல்லை.

மறுதலையாக, பெட்டாவே இரையாகும் சேர்க்கைகளும் உள்ளன. டைகர் பார்ப் நீண்ட துடுப்பைக் கண்டால் கொத்தாமல் விடாது. ஏஞ்சல் மீனும் அப்படியே. கௌராமிகள் பெட்டாவின் நெருங்கிய உறவினர். உருவமும் நடத்தையும் ஒத்திருப்பதாலேயே பகை மூளும். தங்கமீன் சண்டை போடாது. எனினும் அதற்கு உகந்தது குளிர்ந்த நீர், அது வெளியேற்றும் கழிவும் மிகுதி. பெட்டாவுக்கு வேண்டியதோ 24 முதல் 28 பாகை வெப்பமும் தூய நீரும். பகையே இல்லாத சேர்க்கையும் தவறான சேர்க்கையாகலாம் என்பதற்குத் தங்கமீனே சான்று.

அப்படியானால் எவை சேரும்? நிறம் பகட்டாதவை, வால் குறுகியவை, நீரின் வேறு தட்டில் வாழ்பவை. தொட்டியின் அடித்தளத்தில் மணலைத் துழாவித் திரியும் கோரிடோராஸ் கெளுத்திகள் பொதுவாக நல்ல தேர்வு. ஆனால் அவை ஆறேனும் இருந்தால்தான் அமைதியாக வாழும். இங்கேதான் 'ஒரு துணை' என்னும் எண்ணம் முற்றிலும் உடைகிறது. உண்மையிலேயே துணை தேவைப்படுவது கோரிடோராஸுக்கு, பெட்டாவுக்கு அன்று. ஹார்லெக்வின் ரஸ்போரா, எம்பர் டெட்ரா ஆகியவையும் கூட்டமாகவே வாழ்பவை. ஆறு மீன்களும் ஒரு பெட்டாவும் என்றால் 60 லிட்டருக்குக் குறைந்த தொட்டி போதாது. குழந்தையின் மேசையில் அதற்கு இடமில்லையெனில், நெரைட் நத்தை ஒன்று போதும்: பாசியைத் தின்னும், நன்னீரில் பெருகாது, ஓட்டுக்குள் ஒடுங்கும். செர்ரி இறாலை விடலாம்தான். சில பெட்டாக்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, சில விருந்தாக்கிக்கொள்கின்றன. இம்மீன்களிடையே தனிமீனின் இயல்பு அவ்வளவு வேறுபடுகிறது. எனவே எந்தப் பட்டியலும் உறுதிச்சீட்டு ஆகாது. தேவைப்பட்டால் பிரித்துவைக்க இரண்டாவது தொட்டி ஒன்று தயாராக இல்லாத வீட்டில் எந்தச் சேர்க்கையும் முயலத் தக்கதன்று.

சேர்க்கும் முறையும் விளைவை மாற்றும். பெட்டா முன்பே குடியேறிய தொட்டி, அதன் பார்வையில், அதன் நிலம். கூட்டு மீன்களை முதலில் விட்டு, செடிகளும் மறைவிடங்களும் அமைத்து, பெட்டாவை இறுதியாக விடுவது நன்று. மேலே சொன்ன வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அதனினும் பெரிய பிழை, வாங்கிய அன்றே புதுத் தொட்டியில் ஐந்து உயிர்களை இட்டது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் அவ்வளவு மீன்களை இடுவது மெல்ல நஞ்சூட்டுவதற்குச் சமம். அந்தக் கப்பிகளைக் கொன்றதில் அம்மோனியாவுக்கு எவ்வளவு பங்கு, பெட்டாவின் பல்லுக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

ஐதராபாத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. குழாய்நீரில் குளோரின், அதனை நீக்காமல் தொட்டியில் ஊற்றலாகாது. தக்காணத்துப் பாறையிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கப்பி அதனை விரும்பும். ரஸ்போராவுக்கு மென்னீரே ஏற்றது. சென்னைக் கொளத்தூரில் வளர்ப்போர் பெரிதும் கவலைப்படாத குளிரும் இங்கே உண்டு. திசம்பர், சனவரி இரவுகளில் வெப்பநிலை 15 பாகைக்கும் கீழே இறங்கும். வெப்பமூட்டி இல்லாத தொட்டியில் பெட்டா அசையாது கிடக்கும். அதனைக் கண்டு "சாதுவாகிவிட்டது" என்று மகிழ்ந்து புது மீன்களை விடுவோரும் உண்டு. கோடை வந்ததும் அந்தச் சாதுத்தன்மை கலைந்துவிடும்.

'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லிப் பெட்டாவோடு சேர்த்து விற்கப்படும் சக்கர் மீனைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். விரலளவில் வாங்கப்படும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் வீட்டில் இடமின்றி அருகிலுள்ள ஏரியில் விடப்படுகிறது. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த லாகோன்ஸ் ஆய்வகத்தார், நீரில் கரைந்துள்ள மரபுப்பொருளைக் கொண்டு தேடியபோது, கிழக்குத் தொடர்ச்சி மலையின் நீர்நிலைகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இவ்வகைக் கவசக் கெளுத்தி பரவியிருப்பதைக் கண்டனர். அதன் முட்கள் வலைகளைக் கிழிக்கின்றன. மீனவரின் வருவாய் குறைகிறது. வரவேற்பறையில் தவறாகத் தேர்ந்த ஒரு 'துணை'யின் கணக்கு ஏரிக்கரையில் வேறொருவரால் தீர்க்கப்படுகிறது.

சட்டம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தாதா என்று கேட்கலாம். நடுவண் அரசு 2017ஆம் ஆண்டு மே மாதம் மீன்தொட்டிக் கடைகளுக்கு விதிகளை அறிவித்தது. வளர்ப்போரும் விற்போரும் எதிர்த்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: சிறு முதலில் வீட்டுப் பின்கட்டில் மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆயினும் விற்கும்போது "எதனோடு சேராது" என்று ஒரு வரி சொல்வதற்குச் சட்டம் வேண்டியதில்லை. சொன்னால் விற்பனையும் முற்றிலும் நின்றுவிடாது.

"ஒத்தையா இருக்கு" என்ற பாட்டியின் சொல்லில் கனிவு உண்டு. பிள்ளைகள் பணிக்கும் பள்ளிக்கும் சென்றபின் பகல் முழுவதும் அந்த மீனைப் பார்த்திருப்பவர் அவர்தாம். அவருடைய பகலின் தனிமை மீனின்மீது படிந்திருக்கலாம். அவர் கேட்ட துணை மீனுக்காக மட்டுமே கேட்கப்பட்டதா என்பதை அவ்வீட்டார் எண்ணிப் பார்க்கலாம். பெட்டாவோ தனியாக இருப்பதால் வாடுவதில்லை. குடுவையின் குறுகலால் வாடும், குளிரால் வாடும், மாற்றப்படாத நீரால் வாடும்.

எஞ்சிய இரண்டு கப்பிகளுக்கு இப்போது வேறு தொட்டி வேண்டும். நீல மீனுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை: பெரிய தொட்டி, மூடி (அது துள்ளி வெளியே விழக்கூடியது), மெல்லிய ஓட்டமுள்ள பஞ்சு வடிகட்டி, வெப்பமூட்டி, வாரந்தோறும் சிறிது நீர் மாற்றம். நீர் தூய்மையாக இருந்தால் கிழிந்த துடுப்பு சில வாரங்களில் மீண்டும் வளரும். புதிதாக வளரும் ஓரம் முதலில் நிறமற்றுக் கண்ணாடிபோல் இருக்கும். பிறகே நீலம் ஏறும். பாட்டியும் பேத்தியும் நாள்தோறும் அமர்ந்து பார்ப்பதற்கு அதுவே இருக்கிறது.