வழக்கம் என்பது யாருடைய சட்டம்?

'அது அவங்க வழக்கம், நாம தலையிடக் கூடாது.' ஆள்பவர்கள் அடிக்கடி சொல்கிற பேச்சு இது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். அந்த மரியாதைக்குள் ஒளிந்திருக்கும் சவுக்கைக் காட்டியதுதான் மஹ்மூத் மம்தானியின் ஆய்வு வாழ்க்கை என்பேன் நான்.

1946இல் பம்பாயில் பிறந்து உகாண்டாவின் கம்பாலாவில் வளர்ந்தவர். அமெரிக்காவில் படித்தபோது, 1965இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்காக மாண்ட்கோமரி போய்ச் சிறைப்பட்டார். 1972இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை விரட்டியபோது அகதியானார். குடியுரிமை என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்துகொண்டவர்.

அதே 1972இல் அவர் பஞ்சாபின் மானுப்பூர் கிராமத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அங்கே ஹார்வர்டு நிபுணர்கள் கருத்தடை மாத்திரையோடு வந்து தோற்றிருந்தார்கள். சனத்துக்கு அறிவு போதாது என்பது நிபுணர்களின் கட்சி. மம்தானியோ நிலம் யாரிடம் இருக்கு, சாதி என்ன, யார் உழைக்கிறாங்க என்று விசாரித்தார். இல்லாதவனுக்குப் பிள்ளைகளின் உழைப்புதான் சொத்து என்பது விளங்கியது.

1996இல் வந்த 'சிட்டிசன் அண்ட் சப்ஜெக்ட்' நூலில் இதே விசாரணையை ஆப்பிரிக்கா முழுமைக்கும் விரித்தார். காலனி ஆட்சியில் நகரத்து வெள்ளையருக்கு உரிமைச் சட்டம். கிராமத்துக் கறுப்பருக்கு 'வழக்கச் சட்டம்'. விதி போடுவது, வரி வசூலிப்பது, நியாயம் தீர்ப்பது, தண்டிப்பது எல்லாம் ஒரே தலைவன் கையில். அவனுக்குப் பின்னால் வெள்ளைக்காரனின் துப்பாக்கி. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் பெரும்பாலும் அப்படித் தலைவர்களே கிடையாது. பிரிட்டிஷார் காகிதம் எழுதிக் கொடுத்து உண்டாக்கினார்கள். 1929இல் வரி வரப்போகிறதென்று பெண்கள் திரண்டு எழுந்தார்கள். 50 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு? சில நாடுகள் தலைவனை அப்படியே வைத்துக்கொண்டன. சில நாடுகள் அவனிடத்தில் கட்சி அதிகாரியை உட்காரவைத்தன. கிராமத்தான் ஆளப்படுகிறவனாகவே இருந்தான்.

அப்படியானால் வெள்ளைக்காரன் வருமுன் எல்லாம் சமத்துவமா என்று நாம் கேட்டாக வேண்டும். இல்லை. சொகோட்டோ அரசில் அடிமைகள் ஏராளம். மம்தானி சொல்வது வேறு: பல வழக்கங்கள் இருந்தன, அவற்றில் மிகக் கொடூரமான அதிகாரத்துக்கு இடம் தந்ததைப் பொறுக்கியெடுத்துச் சட்டமாக்கினார்கள். எதிர்த்துப் பேசிய வழக்கங்கள் ஏட்டில் ஏறவில்லை.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கா பற்றிய பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. நிர்வாகத்தோடு மோதல். 1998இல் பகிரங்கமாகவே கேட்டார்: நிறவெறி ஆட்சி 1994இல் போயிற்று, அது ஆப்பிரிக்காவைப் பார்த்த பார்வை போயிற்றா? 1999இல் அங்கிருந்து வெளியேறினார். 2015இல் அதே வளாகத்தில் மாணவர்கள் போராடி ரோட்ஸ் சிலையை அகற்றவைத்தபோது, அந்தப் பழைய சண்டை மறுபடி பேசப்பட்டது. 2010 முதல் 2022 வரை மகெரெரே சமூக ஆய்வு நிறுவனத்தை நடத்தி, ஆப்பிரிக்க மண்ணிலேயே ஆய்வாளர்களை உருவாக்க முயன்றார்.

மாணவத் தோழர்களே, அவரை வழிபட வேண்டாம், படியுங்கள். 'வழக்கம்' என்று யாராவது ஆரம்பித்தால் கேளுங்க: இதை எழுதி வச்சது யாரு? தீர்ப்புச் சொல்றது யாரு? அந்தத் தீர்ப்பை எதிர்த்து எங்கே போய் முறையிடுறது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அங்கே குடிமக்கள் இன்னும் பிறக்கவில்லை.